பதினேழாம் மனை

ஏகநாதன் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே எவர்சில்வர் சம்படத்தைத் திறந்து டாக்டரின் மேசை மேல் வைத்தார். உள்ளே ஆடித் திருவிழாச் சந்தனம் காய்ந்து, தண்ணீர் வற்றிய ஏரி மாதிரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது.

“இதாம்மா ஆதாரம். இதுல இன்னா கலந்துகீதுன்னு டெஸ்ட் பண்ணி ஒரு பேப்பர் குடுத்துட்டீங்கன்னா போதும்.”

டாக்டர் நித்யஸ்ரீ மேற்குத் தாம்பரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் தோல் வைத்தியம் பார்ப்பவர். அவர் சம்படத்தைப் பார்க்கவில்லை. சம்படம் கொண்டுவந்தவரின் நெற்றியைப் பார்த்தார்.

“சந்தனத்தை டெஸ்ட் பண்ற இடம் இது இல்ல சார். நான் உங்க தோலைத்தான் டெஸ்ட் பண்ண முடியும்.”

“என் தோல்ல இன்னா கீது? நல்ல தோல்.”

பக்கத்து நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தையல்நாயகி புருஷனின் சட்டைக் கையை லேசாக இழுத்தாள். அவர் உட்கார்ந்தார்.

மாடம்பாக்கத்தில் ஏகநாதனைத் தெரியாதவர் என்று ஒருவர் இருந்தால், அவர் போன மாதம் ஃப்ளாட் வாங்கிக் குடிவந்தவராக இருப்பார். அவர்கள் குடும்பம் நெல் போட்ட நிலமெல்லாம் மனையாகப் பிரிந்து, அவருடைய தாத்தா பெயரில் ஒரு நகரே நின்றது. நிலம் போனாலும் மரியாதை போகவில்லை. எல்லையம்மன் கோயில் ஆடித் திருவிழாவில், அம்மன் தேரில் ஏறும் முன் முதல் மரியாதை அந்த வீட்டுக்குத்தான். பட்டுத் துணியைத் தலையில் பரிவட்டமாகக் கட்டி, நெற்றி நிறையச் சந்தனம் பூசி, மாலை போடுவார்கள். பரிவட்டம் கட்டிக்கொள்வது மூத்த கிளை. சந்தனம் அரைத்துக் கொண்டுவந்து பூசுவது இளைய கிளை. இன்றைக்கு மூத்த கிளை ஏகநாதன். இளைய கிளை அவருடைய சித்தப்பா மகன் கன்னியப்பன்.

போன வருஷம் திருவிழாவுக்கு மறுநாள் ஏகநாதனுக்கு நெற்றியும் காதும் சிவந்து அரித்தன. இந்த வருஷம் அரிப்போடு நிற்கவில்லை. இமை இரண்டும் வீங்கி மூடிக்கொண்டன, நெற்றியில் நீர் கசிந்தது. திருவிழாவின் கடைசி நாள் ஊஞ்சல் உற்சவத்தை அவர் வீட்டில் படுத்தபடி ஒலிபெருக்கியில்தான் கேட்டார். ஊரில் வாய்கள் சும்மா இருக்குமா? அம்மனுக்கு அவர் மேல் என்னவோ குறை என்று ஒரு பேச்சு கிளம்பியது. அது காதில் விழுந்த அன்றே ஏகநாதன் கோயில் கூட்டத்தில் எழுந்து நின்றார். கன்னியப்பன் கடைப் பொடியைக் கரைத்துப் பூசிவிட்டான், இனிமேல் அந்த வீட்டுக்குச் சந்தன உரிமை கூடாது என்றார்.

கன்னியப்பன் சொன்னது ஒரே வார்த்தை. “கல்லுலதான் அரைக்கிறேண்ணா.” அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை.

கூட்டம் இரண்டு பக்கமும் பார்த்துத் தயங்கியது. ஏகநாதனுக்குத் தயக்கம் பிடிக்காது. “ஐப்பசி முதல் ஞாயித்துக்கிழமைக்குள்ள டாக்டர் சர்டிபிகேட்டோட வரேன். சந்தனத்துல தப்பு இல்லன்னா, அதையும் இதே எடத்துல நின்னுக்கினு நானே சொல்றேன்,” என்றார். ஊர் நடுவில் கொடுத்த வாக்கு அது. அந்த வாக்குதான் அவரை இந்த மாடிக்கு ஏற்றிவிட்டிருந்தது.

“ரத்தம் எடுத்துப் பாருங்களேன்,” என்றார் டாக்டரிடம். “பெருங்களத்தூர்ல என் மருமகன். கோவளத்துலேந்து எறா வாங்கியாந்து சாப்புட்டான், ஒத்துக்கல. அவனுக்கு ரத்தத்துலயே கண்டுபுடிச்சாங்க.”

“அவருக்கு சாப்பிட்டு எவ்வளவு நேரத்துல வந்தது?”

“கை கழுவிக்கினு வரதுக்குள்ள.”

“உங்களுக்கு?”

“சந்தனம் பூசின மறுநாளு.”

“அதான் சார் வித்தியாசம். உடனே தடிக்கிற அலர்ஜியை ரத்தத்துல பார்க்கலாம், கையில ஊசியால லேசா கீறியும் பார்க்கலாம். உங்களோடது மெதுவா வர அலர்ஜி. தோல்ல பட்டு, தோல் அதை ஞாபகம் வச்சுக்கிட்டு, ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சுத்தான் சண்டைக்கு வரும். இது ரத்தத்துல தெரியாது. முதுகுல பேட்ச் ஒட்டித்தான் பார்க்கணும்.”

பிறகு டாக்டர் கேள்வி கேட்க ஆரம்பித்தார். என்ன சோப்பு, என்ன எண்ணெய், தைலம் ஏதாவது தேய்ப்பதுண்டா, வீங்கினபோது கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையை நிறுத்தி எத்தனை நாளாயிற்று என்று ஒவ்வொன்றாக. ஏகநாதன் சாட்சிக் கூண்டில் நிற்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து பதில் சொன்னார்.

“தலைக்கு டை போடறீங்களா?”

தையல்நாயகி பையின் காதைத் திருகினாள்.

“எங்க வம்சத்துல நரையே கெடையாதும்மா,” என்றார் ஏகநாதன். “எங்கப்பா எழுவத்து நாலுல போனாரு. பாடையில வெக்கும்போதும் தலை கருகருன்னு இருந்துது. ஊர்ல யாரை வேணா கேளுங்க.”

இது அந்தக் குடும்பத்தின் பெருமைகளில் ஒன்று. கல்யாணப் பேச்சில்கூட வரும். கன்னியப்பனுக்கு நாற்பதிலேயே வழுக்கை விழுந்தபோது, “சின்ன கெளைக்கு மண்டை, பெரிய கெளைக்கு முடி,” என்று சிரித்தவர் ஏகநாதன்.

டாக்டர் எழுந்து வந்து மேசை விளக்கைத் திருப்பினார். காதுக்குப் பின்னால், பிடரியில், முடியின் வேர்வரை பார்த்தார். “சரி சார்,” என்றார், சோப்பைப் பற்றிக் கேட்ட அதே குரலில். “வழக்கமா பார்க்கிற பொருள் எல்லாமே ஒட்டிடுவோம். நீங்க கொண்டுவந்த சந்தனமும் குங்குமமும் சேர்த்து.”

திங்கட்கிழமை நர்ஸ் அமலராணி அவரைக் குப்புறப் படுக்க வைத்தாள். சின்னச் சின்னக் கிண்ணம் பதித்த டேப்புகளை முதுகில் வரிசையாக ஒட்டி, ஒவ்வொரு கிண்ணத்துக்கும் பக்கத்தில் பேனாவால் எண் போட்டாள்.

“இன்னாம்மா பண்ற, லேஅவுட் போடறியா?”

“ஆமாங்கய்யா. உங்க முதுகு நல்ல அகலம். எல்லா மனையும் அடங்கிடுச்சு.”

“சந்தனம் எந்த மனை?”

“கடைசி. கார்னர் பிளாட்டு.”

ஏகநாதனுக்கு அது திருப்தியாக இருந்தது. குற்றவாளி மூலையில் நிற்பது நியாயம்தான்.

புதன்கிழமை வரை முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது, சொறியக் கூடாது, அரிக்கிறது என்று மாத்திரை எதுவும் போடக் கூடாது. பொழுது விடியும் முன் போர் தண்ணீரை வாளி வாளியாகத் தலையில் ஊற்றிக்கொண்டு திருநீறு பூசினால்தான் அவருக்கு அது காலை. இப்போது தையல்நாயகி ஈரத் துண்டால் கையையும் காலையும் துடைத்துவிட்டாள். புரட்டாசியின் புழுக்கத்தில், கூடத்தில் மின்விசிறிக்கு நேர்கீழே சட்டையில்லாமல் அவர் உட்கார்ந்திருந்தார். நடுவில் மகள் தீபா போன் செய்தாள்.

“எங்க ஃப்ளாட்ல ஏசி இருக்குப்பா. ரெண்டு நாளு வந்து இரேன்.”

“பொண்ணு வூட்டுல போயி முதுகைக் காட்டிக்கினு உக்காரவா? போனை வெய்யி.”

செவ்வாய்க்கிழமை மதியம் முதுகு அரிக்க ஆரம்பித்தது. எல்லா இடத்திலும் இல்லை. ஒரே ஓர் இடம். எறும்பு கடித்த மாதிரி தொடங்கி, பிறகு சூடு வைத்த மாதிரி ஆயிற்று. ஏகநாதனின் முகம் மலர்ந்தது.

“தையலு, புடிச்சிக்கிச்சு. கார்னர் மனைதானே? பாரு.”

தையல்நாயகி பின்னால் வந்து நின்று பார்த்தாள். டேப் மூடியிருந்ததால் உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவர் கை வளைத்துக் காட்டிய இடம் மூலையில் இல்லை. நடுவில் இருந்தது.

“மூடிகீதுங்க. ஒண்ணும் தெரில,” என்றாள். ஒரு விஷயம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. மாதம் ஒருமுறை, கதவைத் தாழ் போட்டு, கையுறை மாட்டிக்கொண்டு அவர் தலையிலும் மீசையிலும் கருப்பைத் தேய்த்துவிடுபவள் அவள்தான். தேய்த்த மறுநாள் அவர் பிடரியைச் சொறிவதும், வெயில் என்று சொல்வதும் அவளுக்குப் பழக்கம். திருவிழாவுக்கு முதல் நாள் மட்டும் இரண்டு பாக்கெட் கலக்கச் சொல்வார். நன்றாகப் பிடிக்கட்டும் என்று நெடுநேரம் ஊறவிடுவார். இதையெல்லாம் ஒன்றோடு ஒன்று சேர்த்து அவள் ஒருநாளும் அவரிடம் பேசியதில்லை. அந்த வீட்டில் அது பேசுகிற விஷயம் இல்லை.

புதன்கிழமை அமலராணி டேப்பை உரித்தாள். சற்று நேரம் காக்க வைத்துவிட்டு டாக்டர் வந்து முதுகைப் பார்த்தார், விரலால் தடவிப் பார்த்தார்.

“சந்தனம்?” என்றார் ஏகநாதன், படுக்கையில் முகம் புதைத்தபடி.

“இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. குங்குமமும் இல்ல.”

“அப்ப இந்த எரிச்சலு?”

“அது வேற இடம். வெள்ளிக்கிழமை வாங்க. டேப் எடுத்த அன்னிக்கே முடிவு சொல்லக் கூடாது சார். சிலது டேப்போட உரசல்ல சிவக்கும், மறைஞ்சிடும். சிலது தாமதமா எழும்பும். அதுவரைக்கும் முதுகுல போட்ட நம்பரை அழிச்சிடாதீங்க, குளிக்காதீங்க.”

தாமதமா எழும்பும் என்ற வார்த்தையை ஏகநாதன் பிடித்துக்கொண்டார். ஆட்டோவில் திரும்பும்போது, “சந்தனம் குளிர்ச்சி. அது மெள்ளத்தான் வேலை செய்யும்,” என்றார். தையல்நாயகி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமையும் கார்னர் மனை வெறும் மனையாகவே கிடந்தது. பதினேழாம் எண்ணில் மட்டும் காசு அளவுக்குத் தோல் தடித்துச் சிவந்து, மேலே பொடிப் பொடியாக நீர்க் கொப்புளம் கட்டியிருந்தது. டாக்டர் அதைப் போனில் படம் எடுத்து அவர் கையிலேயே கொடுத்தார்.

“பதினேழுல இன்னா வெச்சீங்க?”

“கருப்பு ஹேர் டையில இருக்கிற ஒரு ரசாயனம் சார். அதுதான் நிறம் பிடிக்க வைக்கும்.”

ஏகநாதன் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இந்த டெஸ்ட் பாதிதான் சொல்லும்,” என்றார் டாக்டர். “உங்க தோலுக்கு எது ஆகாதுன்னு சொல்லும். அந்தப் பொருள் உங்க மேல எங்க, எப்போ பட்டுதுன்னு சொல்லாது. அதை நீங்கதான் சொல்லணும். ரெண்டும் பொருந்தினாதான் இது காரணம்னு நான் எழுத முடியும். பொருந்தலன்னா, ஒரு பொருள் ஒத்துக்காதுங்கிற தகவல் மட்டும்தான்.”

தப்பிக்க வழி அதிலேயே இருந்தது. ஏகநாதன் அதைக் கவனிக்காதவர் இல்லை. பொருந்தவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். காரணம் தெரியவில்லை என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்தக் காகிதத்தைக் கூட்டத்தில் காட்டினால், கன்னியப்பன் மேல் சொன்ன பழி அப்படியே அரைகுறையாக நிற்கும்.

“பொருந்துதும்மா,” என்றாள் தையல்நாயகி.

ஏகநாதன் திரும்பினார். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் வாய் திறக்கும் முன் அவள் வெளியாளிடம் பேசியதில்லை.

“மாசா மாசம் நான்தான் போட்டு வுடறேன். திருவிழாவுக்கு மொத நாளு தூக்கலா போடுவோம். அடுத்த வாட்டி கண்ணு போயிடப் போவுதுன்னு எனக்கு பயமா கீது. அதான் சொல்லிட்டேன்.” கடைசி வாக்கியத்தை அவரைப் பார்த்துச் சொன்னாள்.

அவர் கோபிக்கவில்லை. போனிலிருந்த தன் முதுகை இன்னொரு தரம் பார்த்துவிட்டு அதை டாக்டரிடம் திருப்பிக் கொடுத்தார்.

“எழுதிக்குங்கம்மா,” என்றார்.

டாக்டர் எழுதினார். இனி எந்தக் கருப்பு டையும் கூடாது. மூலிகை என்று போட்டிருந்தாலும், கருப்பு மருதாணி என்றாலும் கூடாது. ஒவ்வொரு தடவையும் முன்னதைவிடக் கடுமையாக வரலாம். சந்தனம் தாராளமாகப் பூசிக்கொள்ளலாம்.

அன்று முதல் ஏகநாதன் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். வேரில் வெள்ளை தெரிய ஆரம்பித்திருந்தது. மீசையை மழித்துவிட்டார். கண்ணாடியில் தெரிந்த முகம் யாரோ தூரத்து உறவுக்காரருடையது மாதிரி இருந்தது. கூட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் வரை அவர் யாரோடும் பேசவில்லை. விளக்கு வைத்த பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கன்னியப்பனின் வீடு இரண்டு தெரு தள்ளி. பழி சொன்ன நாளிலிருந்து அந்த வாசலை மிதிக்கவில்லை. கன்னியப்பன் வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கொசு மட்டையைச் சார்ஜரில் மாட்டிக்கொண்டிருந்தான். எழுந்தான்.

“வாண்ணா. உள்ள வா.”

“இங்கியே உக்காரலாம்.”

உட்கார்ந்தார்கள். கன்னியப்பனின் மனைவி மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“சந்தனம் நல்லாத்தான் கீதுன்னு டெஸ்ட்ல வந்துடுச்சு,” என்றார் ஏகநாதன்.

“தெரியும்ணா.”

“இன்னா தெரியும்?”

கன்னியப்பன் தன் வழுக்கையைத் தடவிக்கொண்டான். “வருஷா வருஷம் உன் நெத்தியில சந்தனம் பூசறவன் யாரு? நான்தானே. காதுக்குப் பின்னாடி கருப்பு ஒட்டிக்கினு இருக்கும். பரிவட்டத்தை நல்லா கீழ இழுத்து அதை மூடி வுடுவேன். இறுக்கிக் கட்டறேன்னு என்னைத் திட்டுவியே, அது எதுக்குன்னு நெனச்ச?”

ஏகநாதன் மோரை எடுத்தார். குடிக்காமல் திரும்ப வைத்தார்.

“அன்னிக்குக் கூட்டத்துல அத்தினி பேச்சு பேசினேன். ஏன்டா சொல்லல?”

“அத்தினி பேரு முன்னாடி உன் தலையைப் பத்தி நான் பேசுவனா? நல்லா கீதே கதை.”

“சந்தனம் உன் வூட்டை வுட்டுப் போயிருக்கும்.”

“போயிருந்தா போயிருக்கும்.” கன்னியப்பன் குரலைத் தாழ்த்தினான். “இது எங்கப்பா காலத்துலேந்து நடக்கறதுண்ணா. பெரியப்பாவுக்கு டை யாரு வாங்கியாந்தாங்கன்னு நெனக்கிற? எங்கப்பாதான் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போவாரு. கத்திரிக்காய்க்கு அடியில வெச்சு எடுத்தாந்து பின்பக்கமா குடுத்துட்டு வருவாரு. சாவும்போது என்கிட்ட சொல்லிட்டுப் போனாரு, மூத்தவங்க தலை கருப்பா இருக்கற வரைக்கும் நாம அதைப் பாக்கலன்னு.”

ஏகநாதனுக்குப் பாடையில் கருகருவென்று கிடந்த அப்பாவின் தலை நினைவுக்கு வந்தது. கடைசியாகப் படுக்கையில் கிடந்த நாட்களில், ராத்திரி துணைக்கு நான் இருக்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு சித்தப்பா உள்ளே கதவைச் சாத்தியதும் நினைவுக்கு வந்தது. அது பாசம் என்று ஊரே சொன்னது. பாசம்தான்.

“அவருக்கும் அரிக்குமா?” என்றார்.

“அவருக்கு ஒண்ணும் பண்ணல. அது உனக்குத்தான்,” என்றான் கன்னியப்பன். “மோரைக் குடிண்ணா.”

மறுநாள் கூட்டத்துக்கு எல்லோரும் வந்திருந்தார்கள். இப்படி ஒரு விஷயத்துக்கு ஊர் எப்போதும் முழுசாக வரும். அம்மனுக்குப் பூசை முடிந்ததும் ஏகநாதன் முன்பு நின்ற அதே தூணருகே போய் நின்றார். தலையிலிருந்த துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். வேரில் நெல் அளவுக்கு வெள்ளையும் அதற்கு மேல் கருப்புமாக, நெற்றியிலிருந்து பிடரி வரை எல்லோருக்கும் தெரிந்தது.

“டெஸ்ட் எடுத்தாச்சு. சந்தனத்துல குத்தம் இல்ல. நான் தலைக்குப் பூசிக்கினு இருந்த டைதான் எனக்கு ஆவல. கன்னியப்பன் மேல சொன்னதைத் திரும்ப வாங்கிக்கறேன். சந்தனம் அவன் வூட்டோடதுதான், எப்பவும்.”

அவ்வளவுதான் சொன்னார். முதுகு வளையவில்லை, குரல் தாழவில்லை. பழி சொன்ன குரலும் இதுவும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும் என்று வரும் வழியிலேயே முடிவு செய்துவிட்டு வந்திருந்தார்.

பின்வரிசையில் ஒருவன் சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டான். “அப்போ உங்க வம்சத்துல நரையே கெடையாதுன்னு சொல்லுவீங்களே, பெரியவரே?”

ஏகநாதன் பதில் சொல்ல வாயெடுத்தார். உண்மையைச் சொன்னால் அப்பாவையும் சபைக்கு இழுக்க வேண்டும். அதற்குள் கன்னியப்பன் எழுந்து தன் தலையைக் குனிந்து காட்டினான்.

“நரைக்கறதுக்கு முன்னாடி கொட்டிடும்பா எங்களுக்கு. இவரோடது கொட்டாம மாட்டிக்கிச்சு.”

சபை சிரித்தது. ஏகநாதனும் சிரித்தார். பூசாரி தட்டோடு வந்தபோது, திருநீற்றின் பக்கத்துக் கிண்ணத்தில் கன்னியப்பன் வீட்டுச் சந்தனம் இருந்தது. ஏகநாதன் விரலை நீட்டவில்லை. கன்னியப்பன் பக்கம் திரும்பி நெற்றியைக் கொஞ்சம் தாழ்த்தினார். கன்னியப்பன் மூன்று விரலால் அள்ளி, ஆடித் திருவிழாவில் பூசுகிற மாதிரியே அகலமாகப் பூசினான்.

திங்கட்கிழமை காலையில் தையல்நாயகி கண்ணாடியைக் கொண்டுவந்து நீட்டினாள். “ஒண்ணுமே இல்ல, பாருங்க.”

“இன்னிக்கு வாணாம். நாளைக்குப் பாக்கலாம். சிலது தாமதமா எழும்பும்,” என்றார் ஏகநாதன்.

செவ்வாய்க்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்து, வெளிச்சத்தில் நின்று நெற்றியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். தோல் சுத்தமாக இருந்தது. கண்ணாடியை அவளிடம் கொடுத்துவிட்டு, துண்டு கட்டாமல் வெளியே போனார்.